‘இ’யின் சுழிக்குள் கால் இன்ச் பிட்

வாழைத்தண்டை அரிவாள்மனையில் அரிகிறவரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். தண்டை அலகின் மேல் நேராக வைத்து யாரும் அழுத்துவதில்லை. முன்னால் தள்ளும்போதே சற்றுக் கீழ்நோக்கி இழுத்தும் விடுகிறார்கள். அலகு வளைந்திருப்பதால் தண்டு ஒரே இடத்தில் முட்டி நிற்காமல், அலகின் நீளத்தில் வழுக்கிக்கொண்டே வெட்டுப்படுகிறது. நேராக அழுத்தினால் நார் நசுங்கும், வில்லை ஓரத்தில் பிய்ந்து வரும். இழுத்து அரிந்தால் வில்லை வழுவழுவென்று விழும்.

தச்சுப் பட்டறையில் ட்ரிம்மர் என்ற சின்ன ரவுட்டரில் மாட்டும் சுருள் பிட் செய்கிற வேலையும் இதுதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அரிவாள்மனையில் இழுப்பது உங்கள் கை. பிட்டில் அந்த இழுப்பை அலகின் வடிவத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

பழைய நேர் பிட்டில் எஃகுத் தண்டின் இரு பக்கமும் கார்பைடு பட்டைகளைப் பற்றவைத்திருப்பார்கள். அலகு தண்டுக்கு இணையாக, செங்குத்தாக நிற்கும். 18 மி.மீ. பலகையின் ஓரத்தை வெட்டினால், அந்த 18 மி.மீ. முழுவதிலும் அலகு ஒரே நொடியில் வந்து அடிக்கும், விலகும், அடுத்த அலகு அடிக்கும். காதில் கேட்கிற அந்தக் கடுகடுப்பு இப்படித்தான் வருகிறது. சுருள் பிட்டில் அலகு தண்டைச் சுற்றிச் சாய்ந்து ஏறுகிறது. ஒரு நேரத்தில் மரத்தைத் தொடுவது அலகின் ஒரு சிறு பகுதிதான். அது விடும்போது அடுத்த பகுதி வந்து பிடித்துக்கொள்ளும். அடி குறைவதால் அதிர்வும் குறைகிறது. நாரை மோதி முறிக்காமல் சாய்வாக அரிந்துகொண்டு போவதால் ஓரம் இழைப்புளி போட்டதுபோல வருகிறது.

அரிவாள்மனையோடு ஒப்பிட முடியாத பாகம் பிட்டின் நுனியில் இருக்கும் பேரிங். அதன் வெளி விட்டமும் அலகின் விட்டமும் ஒன்று. மரத்துக்கு அடியில் ஒரு டெம்ப்ளேட்டை ஒட்டிவிட்டு, பேரிங்கை அதன் ஓரத்தில் உருட்டிக்கொண்டே போனால், டெம்ப்ளேட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தை மட்டும் அலகு சீவும். டெம்ப்ளேட்டும் மரமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பேரிங் மேற்கொண்டு உள்ளே போக விடாது. ஃப்ளஷ் ட்ரிம் என்பதன் முழுத் தத்துவமும் இவ்வளவுதான். மைக்கா ஒட்டிய பிளைவுட்டின் ஓரத்தைச் சீவும்போது தச்சர்கள் தினமும் செய்கிற வேலையும் இதுவே.

பேரிங் எதைத் தொடுகிறதோ அதை அப்படியே மரத்தில் நகலெடுக்கும். டெம்ப்ளேட் ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தால் மரத்திலும் பள்ளம். டெம்ப்ளேட்டை ஒட்டிய டபுள் டேப்பின் பசை அங்கே உருண்டு ஒட்டியிருந்தால் மரத்தில் ஒரு மேடு. அதனால் டெம்ப்ளேட்டை உப்புத்தாள் போட்டுச் சரிசெய்யச் செலவழிக்கும் நேரம் வீணே போகாது.

வீட்டு வாசலில் மாட்ட ‘இல்லம்’ என்று தேக்கில் எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தின் உயரம் 10 செ.மீ., பலகையின் கனம் 18 மி.மீ. ரோமன் எழுத்தென்றால் பாதிக்குமேல் நேர்கோடுகள்தான். தமிழில் ‘இ’ ஒன்றே போதும், பிட்டைத் திணறடிக்க. அந்த உயரத்தில் ‘இ’யின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் 10 மி.மீ. அகலம் இருந்தால் பெரிது. கடையில் எளிதாகக் கிடைக்கும் அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. பிட் அதற்குள் நுழையவே நுழையாது. கால் இன்ச் பிட், 6.35 மி.மீ., நுழையும், திரும்பவும் இடம் இருக்கும். ‘ல’வின் இடப்பக்கச் சுழிக்கும் அப்படித்தான்.

சிறிதாக இருப்பதால் சுழிக்குள் போக முடிகிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. ஓர் உருளைத் தண்டு வளையாமல் நிற்கும் பலம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறி இறங்கும். விட்டம் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். 12.7-லிருந்து 6.35-க்கு இறங்கும்போது நடப்பது அதுதான். நீளமும் சேர்ந்தால் இன்னும் மோசம்: பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டுக்கு வெளியே பிட் நீட்டும் நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். அரிவாள்மனையின் பலகையைக் காலால் அழுத்திப் பிடிக்காமல் அரிந்துபாருங்கள். அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் ஆடும் அலகு வெட்டாது.

இதைவிட மெலிந்த இடம் ஒன்று உண்டு. வெளி விட்டம் 6.35 மி.மீ. உள்ள பேரிங்குக்குள் குண்டுகளும் இருக்க வேண்டும், நடுவே பிட்டின் நுனியும் நுழைய வேண்டும். அதனால் உள் துளை பொதுவாக 3.175 மி.மீ. மட்டுமே. பேரிங்கைத் தாங்கி நிற்பது ஒரு சிறு குச்சி என்று பொருள். பலர் ட்ரிம்மரைப் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளினால்தான் டெம்ப்ளேட்டோடு ஒட்டிப் போகும் என்று நினைக்கிறார்கள். அந்த அழுத்தம் முழுவதும் போய் விழுவது இந்தக் குச்சியின்மேல். பேரிங் டெம்ப்ளேட்டைத் தொட்டுக்கொண்டு உருண்டால் போதும்.

எனவே இந்த பிட்டை மரம் அறுக்கும் கருவியாக நினைக்கவே கூடாது. இதற்கு மிச்சம் வைப்பது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டெம்ப்ளேட்டை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, சுழியின் நடுவில் துளை போட்டு, ஜிக்சாவின் பிளேடை அதில் விட்டு, கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளேயே அறுத்து எடுத்துவிட வேண்டும். ஜிக்சா திரும்பாத சின்னச் சுழிக்குக் கைவாள், அதுவும் முடியாவிட்டால் பக்கத்துப் பக்கத்தில் துளைகள். 1 மி.மீ. மிச்சம் நல்லது, 2 மி.மீ. வரை பொறுக்கலாம். ‘பிட்தான் இருக்கிறதே’ என்று 5 மி.மீ. விட்டுவைத்தால் பிட் முனகும், நுனி வளையும், டெம்ப்ளேட் தொடும் அடிப்பக்கம் சரியாக இருக்க நடுப்பகுதி மட்டும் அலை அலையாக வரும். அதற்கு மேலும் தள்ளினால் முறியும். சின்ன சுருள் பிட்டுகள் பெரும்பாலும் முழுக்கக் கார்பைடில் செய்யப்பட்டவை. டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட்டால் பிணைத்த பொருள் அது. தேக்கில் இருக்கும் சிலிக்கா சாதாரண எஃகுக் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும், கார்பைடு அதைத் தாங்கும். ஆனால் வளைந்து கொடுக்கத் தெரியாது. சிமென்ட் தரையில் கைதவறி விழுந்தாலே உடையலாம்.

வெட்டும் வரிசையும் முக்கியம். பலகை பெரிதாக இருக்கும்போதே சுழிகளின் உட்புறத்தை முடித்துவிட வேண்டும், வெளி ஓரம் கடைசி. வெளி ஓரத்தை முதலில் வெட்டிவிட்டால் கையில் மிஞ்சுவது 10 செ.மீ. துண்டு. அதை கிளாம்ப் போட்டுப் பிடிக்கவும் இடமிருக்காது, ட்ரிம்மர் உட்கார மட்டமும் இருக்காது. பேரிங்கும் அதைப் பிடித்திருக்கும் திருகின் தலையும் டெம்ப்ளேட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பலகையை மேசையில் அப்படியே வைக்காமல் அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் திருகு மேசையில் ஓர் அழகான வட்டம் போடும்.

பிட் வாங்கப் போனால் அப்கட், டவுன்கட் என்று கேட்பார்கள். அப்கட் சுருள் மரத்தூளையும் நாரையும் தண்டுப் பக்கம் இழுக்கும், டவுன்கட் நுனிப் பக்கம் தள்ளும். கையில் பிடித்த ட்ரிம்மரில் தண்டு மேலே இருக்கிறது. அப்கட் போட்டால் எழுத்தின் மேல்முகத்தில் நார் மேலே கிளம்பிச் சிலாம்பு எழும். டவுன்கட் மேல்முக நாரைக் கீழே அழுத்திக்கொண்டே அரியும். அடிமுகத்துக்கு ஆபத்தில்லையா? அங்கே டெம்ப்ளேட் ஒட்டியிருக்கிறது, நார் பிய்ந்து போக இடமில்லை. தூளும், ஏற்கெனவே அறுத்த ஓட்டை வழியே கீழே கொட்டிவிடும். இந்த வேலைக்கு டவுன்கட்தான் என்று நான் தயங்காமல் சொல்வேன். இரண்டையும் சேர்த்த கம்ப்ரெஷன் பிட்டும் உண்டு, இரு முகமும் தெரிகிற பிளைவுட் வேலைக்கு அது நல்லது.

ரவுட்டரை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, அரிவாள்மனைபோல அலகை நிலையாக வைத்து மரத்தைக் கையால் நகர்த்துகிற முறையில் கதை தலைகீழ். இப்போது தண்டு கீழே. டவுன்கட் மரத்தை மேசையிலிருந்து மேலே தூக்கும், அப்கட் மேசையோடு அழுத்திப் பிடிக்கும். அங்கே அப்கட். ஆனால் எழுத்து அளவுக்குச் சிறிய துண்டுகளை அந்த மேசையில் விரலால் பிடித்து வெட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அரிவாள்மனை நகர்த்தியதை மட்டும் வெட்டும். நிமிடத்துக்கு 25,000 சுற்று சுழலும் அலகு துண்டைத் தானே இழுத்துக்கொள்ளும்.

அந்த இழுப்பைத் தடுக்கத்தான் திசை விதி. கையில் பிடித்த ட்ரிம்மரை மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். வெளி ஓரத்தை வெட்டும்போது எழுத்தைச் சுற்றி அதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும். சுழியின் உட்புறத்தில் கடிகாரத் திசையில். இப்படிப் போனால் அலகு எதிர்த்து வெட்டும், ட்ரிம்மர் கைக்கு அடங்கும். மாற்றிப் போனால் பிட் ஓரத்தில் ஏறி ஓடும்.

ஒரு சிக்கல் இதற்குப் பிறகும் தீராது. சுழி வட்டமானது, மரத்தின் நாரோ ஒரே திசையில் ஓடுகிறது. ஒரு சுற்றில் இரண்டு கால்வட்டங்களில் அலகு நாரைப் படிய வைத்துச் சீவும், மற்ற இரண்டில் நாரை எதிர்த்துக் கிளப்பும். பெரிய பிட்டில் இதற்கு வழி இருக்கிறது. தண்டுப் பக்கமும் நுனியிலும் இரண்டு பேரிங் உள்ளதை வாங்கி, பலகையைத் திருப்பிப் போட்டு, கெட்ட கால்வட்டங்களை மறுபக்கத்திலிருந்து வெட்டலாம். கால் இன்ச் தண்டில் கால் இன்ச் அலகு இருக்கும்போது அது நடக்காது. தண்டின்மேல் ஏறும் பேரிங்கின் உள் துளையே 6.35 மி.மீ., அப்படியானால் வெளி விட்டம் அலகைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். திரும்பவும் பழைய பாடத்துக்கே வருகிறோம். அந்த இரண்டு கால்வட்டங்களில் மிச்சத்தை அரை மி.மீ. ஆக்கிவிடுங்கள். கிளம்புவதற்கு நாரே அதிகம் இருக்காது.

நகர்த்தும் வேகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு அலகுள்ள பிட் நிமிடத்துக்கு 25,000 சுற்று என்றால் 50,000 கடி. நிமிடத்துக்கு 2 மீட்டர் நகர்த்தினால் ஒவ்வொரு கடிக்கும் 0.04 மி.மீ. சீவல். 10 செ.மீ. எழுத்தின் நேர்ப்பகுதியை மூன்று வினாடியில் கடப்பது அந்த வேகம். பயந்துகொண்டு ஊர்ந்தால் சீவலே இல்லாமல் அலகு மரத்தைத் தேய்க்கும், சூடேறும், ஓரம் கறுக்கும். சுழியின் வளைவில் திரும்பும் இடத்தில் எல்லோரும் தம்மை அறியாமல் நிற்பார்கள். கரிக்கோடு விழுவது அங்கேதான். கறுப்பு நேர்ப்பகுதியிலும், டெம்ப்ளேட்டின் ஓரத்திலும் விழுந்தால் வேகத்தைக் குறை சொல்லாமல் பேரிங்கைப் பாருங்கள். உருள வேண்டியது இறுகி, பிட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. பிசின் கரைக்கும் திரவத்தில் பிட்டை ஊறப்போட்டுச் சுத்தம் செய்கிறவர்கள் பேரிங்கைக் கழற்றிவிட்டு ஊறப்போடட்டும், உள்ளே இருக்கும் கிரீஸும் கரைந்து போய்விடும்.

கோலெட் விஷயத்தில் நம் ஊர்க் கடைகளில் 6 மி.மீ., 6.35 மி.மீ. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 6.35 தண்டு 6 கோலெட்டில் போகாது, பிரச்சினை இல்லை. 6 தண்டு 6.35 கோலெட்டில் போகும், இறுக்கினால் பிடித்ததுபோலவும் இருக்கும், ஓட ஆரம்பித்ததும் நழுவும். வெர்னியர் வைத்து அளந்துவிட்டு மாட்டுவதே நல்லது. கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், தேக்குத்தூள் மூக்குக்கு ஆகாது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ‘ம’வின் இடது கீழ் மூலையில் உட்புறம் கூர்மையாக வராது. வட்டமான பிட் மூலையில் தன் ஆரத்தை, ஏறக்குறைய 3.2 மி.மீ. வளைவை, விட்டுவிட்டுத்தான் வரும். உளி வைத்துச் சதுரமாக்கலாம். டெம்ப்ளேட் வரையும்போதே எல்லா மூலைகளையும் அதே வளைவில் வரைந்துவிடுவது எனக்குப் பிடித்த வழி, எழுத்துகள் ஒரே குடும்பமாகத் தெரியும். ‘ல்’, ‘ம்’ இரண்டின் புள்ளிகளை மட்டும் ட்ரிம்மர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அவ்வளவு சின்ன வட்டத்தை எந்த கிளாம்ப்பும் பிடிக்காது. கடைசல்காரரிடம் ஓர் உருளைத் தேக்குக் கட்டை வாங்கி, 18 மி.மீ. கனத்தில் இரண்டு வில்லைகள் அறுத்து ஒட்டிவிடுங்கள்.