ஒட்டுக்கேட்கும் யந்திரம்

கையடக்கமான வாக்கி-டாக்கி யந்திரம் இன்று கடைத்தெருவுக்குப் போகாமலே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் செட்டிநாட்டு வாலிபர்கள் அதைச் சட்டப்படி உபயோகிப்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் அதைக் கொண்டு போலீஸாரும் தீயணைப்புப் படையினரும் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்கலாம் என்ற ஆசை சிலருக்கு உண்டாகிறது. அதன் அபாயத்தை எடுத்துரைப்பது நம் கடமை.

பழைய முறையில் ஒரு ஸ்தாபனத்துக்கு ஓர் அலைவரிசை. அயலான் கேட்டாலும் பேசுவோருக்குத் தெரியாது. 'டிரங்க்' ரேடியோ முறை அப்படிப்பட்டதல்ல. அதில் சில அலைவரிசைகளைப் பல பிரிவினர் பொதுவில் வைத்துக்கொள்ள, ஒரு கம்ப்யூட்டர் அவற்றை அவ்வப்போது பங்கிட்டளிக்கிறது. டில்லியில் 2010ஆம் வருஷக் காமன்வெல்த் போட்டிகளுக்காக ஏற்படுத்தப்பட்ட 'டெட்ரா' இவ்வகையைச் சேர்ந்தது. இதில் சேரும் ஒவ்வொரு இருவழி ரேடியோவும் தன் எண்ணைத் தானே தெரிவித்துப் பதிவு செய்துகொள்ளும். ஆகவே, கேட்க மட்டுமே விரும்பி அந்த அமைப்பில் தன் யந்திரத்தைப் புகுத்துகிறவன் பொத்தானைத் தொடாவிட்டாலும், யந்திரம் அவனறியாமல் பேசிவிடுகிறது!

விளைவு யாது? திருடிய எண் ஓர் உத்தியோகஸ்தருடையதாயின், ஆபத்து வேளையில் அவருக்குச் சேரவேண்டிய அழைப்பு குழம்பக்கூடும். பொத்தான் தவறி அழுந்தினால், நெருப்பில் சிக்கிய வீரனின் குரலுக்கு இடமில்லாமற் போகக்கூடும். ஒருவனுடைய வேடிக்கை மற்றொருவனுடைய உயிருக்கு உலையாகலாமா?

சட்டமும் கடுமையானது. 2023ஆம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆவது பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது. பிறர் செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறிப்போருக்கு 3 வருஷம் வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். லைசென்ஸின்றிக் குறைந்த சக்தி வாக்கி-டாக்கிகளை உபயோகிக்க 2018ஆம் வருஷ விதிகள் அனுமதிப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு பகுதியில்தான். விற்றவர் இதைச் சொல்லவில்லை என்பது கோர்ட்டில் சமாதானமாகாது.

"1942இல் பம்பாயில் உஷா மேத்தாவும் சகாக்களும் ரகசிய வானொலி நடத்தவில்லையா?" என்று கேட்கலாம். நடத்தினர். அந்நிய ஆட்சியில் வாயடைக்கப்பட்ட ஜனங்களுக்காகப் பேசினர். அதற்காக உஷா மேத்தா 4 வருஷச் சிறைத்தண்டனையையும் ஏற்றார். நம்மைக் காக்க ஓடும் நம் சகோதரர்களின் பேச்சை ஒளிந்து கேட்பது அதற்கு இணையாகுமா? போலீஸாரின் நடத்தையை அறிய விரும்புவோருக்கு 2005ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. புகார் கொடுத்த ஏழைப் பெண்ணின் பெயரையும் விலாசத்தையும் மறைகுறியின்றி ஆகாயத்தில் வீசிவிட்டு, கேட்டவனை மட்டும் தண்டிப்பது நீதியாகாது. கதவைப் பூட்டுவது வீட்டுக்காரன் பொறுப்பு.

ரேடியோவில் மெய்யான ஆர்வமுள்ள வாலிபருக்கு நேர்வழி உண்டு. 12 வயது நிரம்பியவர் பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் பெறலாம். 2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமான் தீவுகளிலிருந்து செய்தி அனுப்பி உதவியவர்கள் அத்தகையோரே. ஒளிந்து கேட்கும் காதைவிட, ஆபத்தில் உதவும் குரலே தேசத்துக்குத் தேவை.