'வீல்' என்னும் ஆங்கிலச் சொல்

சொல்லொன்றன் பொருளை அகராதியிற் காண்பது எளிது. அஃது எவ்விடத்து எப்பொருளைத் தரும் என அறிவதே அரிது. ஆங்கிலத்தில் வழங்கும் 'வீல்' என்னுஞ் சொல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 'வீல் என்றாற் சில்லு' என மனனஞ் செய்து அவ்வளவில் நிற்கும் மாணவர், அச்சொல் வருமிடந்தோறும் இடர்ப்படுவர்.

முதற்கண் அதன் பிறப்பினை நோக்குவாம். 1786 ஆம் ஆண்டிற் கல்கத்தாவிலே சேர் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்தினின்றும் கிளைத்தனவாதல் வேண்டும் எனக் கூறினார். அவ்வுறவு ஆங்கிலத்துக்கும் உண்டென்பதை 'வீல்' நன்கு காட்டும். சுழலுதல் என்னும் பொருள் தரும் தொன்மையான வேரொன்று இரட்டித்து ஆகிய சொல்லே, வடமொழியிற் 'சக்ர' எனவும், கிரேக்கத்திற் 'கூக்லொஸ்' எனவும், பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வேயோல்' எனவும் திரிந்தது. கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே 'சைக்கிள்'. ஆகவே, வடமொழியினின்றும் நாம் ஏற்றுக்கொண்ட சக்கரமும், வீதியிற் செல்லுஞ் சைக்கிளும், ஆங்கிலேயரின் வீலும் ஒரு குடிப்பிறந்த சொற்களாம்.

இனி, அதன் பொருள்களைக் காண்பாம். வண்டிச் சில்லு யாவரும் அறிந்தது. அது உருளும், அச்சைப்பற்றிச் சுழலும். இவ்வியல்பு பற்றியே ஏனைய பொருள்கள் கிளைத்தன. குயவனது திகிரியும் நூல் நூற்கும் இராட்டினமும் இடம்பெயராது சுழல்வன. அவையும் வீல் எனப்படும். கப்பலின் சுக்கானைத் திருப்பும் வட்டமும், மோட்டார் வண்டியைத் திருப்பும் வட்டமும் அப்பெயர் பெறும். ஆதலின் ஒருவர் 'அற் த வீல்' இருந்தார் எனின், வாகனத்தைச் செலுத்தினார் என்பதே கருத்து. இதனைச் 'சில்லில் இருந்தார்' என மொழிபெயர்ப்பின் அவர் கதி யாதாகும்?

இச்சொல் வினையாகவும் வரும். சைக்கிளை ஏறாது உருட்டிச் செல்லுதலும், பருந்து வானில் வட்டமிடுதலும் இவ்வினையாற் குறிக்கப்படும். அணிநடையில் 'றைற் வீல்' என்னும் ஆணை பிறந்ததும், உட்புறத்தோர் அடியைக் குறுக்கியும் வெளிப்புறத்தோர் அகட்டியும் வைத்து, வரிசை குலையாது வலப்புறந் திரும்புவர். ஆரக்கால் அச்சைச் சுற்றுமாறு போல்வது அது.

மரபுத்தொடர்களிலே மிக்க விழிப்பு வேண்டும். ஒருவன் முயற்சியைத் தடுத்தலை, அவன் 'சில்லில் ஆரக்கால் செருகுதல்' என்பர் ஆங்கிலேயர்; 'முட்டுக்கட்டை போடுதல்' என்போம் நாம். சொல் வேறாயினுங் கருத்து ஒன்றே. ஆனாற் 'சில்லிலே தோளை வைத்தல்' என்னுந் தொடர், நம்முடைய 'தோள்கொடுத்தல்' போலத் தோன்றி மயக்கும். நமது தொடர் பிறர்க்குத் துணைநிற்றலைக் குறிக்கும். அவர்களது தொடரோ, எடுத்த கருமத்தில் முழுவலியையுஞ் செலுத்தி உழைத்தலைக் குறிக்கும். 'சில்லினுட் சில்லு' என்பது புறத்தே புலனாகாத காரணங்கள் பல பின்னிக் கிடத்தலாம். விவிலிய நூலில் எசேக்கியேல் கண்ட காட்சியினின்றும் இது வந்தது. வேண்டாத மிகையானது 'ஐந்தாஞ் சில்லு' எனப்படும்.

தமிழில் 'ஆழி' என்பது சக்கரம், மோதிரம், கடல் எனப் பல பொருள் தருமாயினும், இடம் நோக்கிப் பொருள் கொள்ள நாம் இடர்ப்படுவதில்லை. தாய்மொழியிற் பயின்ற அம்முறையையே பிறமொழி கற்குமிடத்தும் மாணவர் கைக்கொள்வாராக.