கடலோரத்தில் குடித்தனம்

“உங்களுக்கென்ன அக்கா, கோவாவில் இருக்கிறீர்கள்!” ஊரில் கல்யாணம், காட்சி என்று போனால் இந்தப் பெருமூச்சு கேட்காமல் நான் திரும்பியதில்லை. நாள் முழுக்க மணலில் நாற்காலி போட்டு இளநீர் குடிப்பதாக எண்ணமோ என்னவோ! மும்பையிலும் டெல்லியிலும் இருக்கும் நம் அன்பர்களுக்கும் அப்படி ஓர் எண்ணம் இருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்குக் கலங்குட்டில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து நாங்கள் வந்தது 2001-ல். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கடற்கரைக்கு ஐந்து நிமிட நடையில் வீடு. ‘கொடுத்து வைத்தவர்கள்’ என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். வீட்டு ஒப்பந்தம் பதினொரு மாதம் என்றார்கள். எல்லா ஊரிலும் வழக்கம்தானே என்று கையெழுத்துப் போட்டாயிற்று. நவம்பர் பிறந்ததும் வீட்டுக்காரர் வந்து, “மாதக் கடைசியில் காலி செய்துவிடுங்கள்” என்றார். டிசம்பரில் அதே வீட்டை நாள் வாடகைக்கு விட்டால், நாங்கள் பல மாதம் கொடுப்பது அவருக்குச் சில நாளில் கிடைத்துவிடும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நான்கு வருஷத்தில் மூன்று வீடு மாறினோம். ஒவ்வொரு தடவையும் டெம்போவில் அம்மிக்கல்லையும் ஏற்றி இறக்கியதுதான் மிச்சம். கடைசியில் கடலை விட்டு உள்ளே தள்ளி, மாப்சா பக்கம் வந்து சேர்ந்தோம். இப்போது விருந்தாளி வந்தால்தான் நாங்களும் கடலைப் பார்க்கிறோம்.

சீசன் என்றால் ஊருக்கெல்லாம் விடுமுறை, என் கணவருக்கு மட்டும் கிடையாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எதற்கும் லீவு கேட்க முடியாது. இத்தனை வருஷத்தில் அவர் ஊர்ப் பொங்கல் சாப்பிட்டது ஒரே ஒரு தடவை.

மே மாதக் கடைசியில் கடற்கரையில் போட்டிருக்கும் குடில் கடைகளைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். பிறகு மழை. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால், இங்கே சுமார் 3000. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. துணி காயாது, அப்பளம் நமுத்துப் போகும், மின்சாரம் நினைத்தால் வரும். முதல் வருஷம் ஒன்றும் தெரியாமல் நன்றாகத் திண்டாடினேன். மறு வருஷம் பக்கத்து வீட்டு அம்மாள் என்னை மே மாதமே மாப்சா சந்தைக்கு இழுத்துப் போனார். மழைக்காலத்துக்கு முன்கூட்டி வாங்கி வைக்கும் சாமான்களுக்கு ‘புருமெந்த்’ என்று பெயர். போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல். காய்ந்த இறால், கருவாடு, உப்பு, மிளகாய், வெங்காயம், புளிக்குப் பதிலாகப் போடும் கோக்கம் எல்லாம் குவிந்து கிடக்கும். புழுங்கல் அரிசியும் உண்டு, சிவப்பாக, கொட்டை கொட்டையாக. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. கொங்கணி நான் கற்றது எந்த வகுப்பிலும் இல்லை, அந்தச் சந்தையில் பேரம் பேசித்தான்.

தீபாவளியைச் சொல்ல மறந்துவிட்டேனே! வட இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே பண்டிகை அமாவாசையன்று. நாம் முதல் நாளே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தனியாக விழிப்போம். இங்கே அந்தக் கஷ்டம் இல்லை. தெருப் பையன்கள் ஆளுயரத்துக்கு மேல் நரகாசுரன் செய்து, இரவெல்லாம் கூத்தடித்து, நரக சதுர்த்தசி விடியுமுன் கொளுத்துகிறார்கள். அதே நேரத்தில் நான் வெந்நீர் போட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் கசப்பான ஒரு சின்னக் காயை அசுரனாக பாவித்துக் காலால் நசுக்கிவிட்டு, விதவிதமாக அவல் செய்து கொண்டு வருவார்கள். வெல்லமும் தேங்காயும் போட்டது ஒன்று, மோரில் ஊறியது ஒன்று. பதிலுக்கு முறுக்கும் தீபாவளி லேகியமும் போகும். லேகியத்தை முதலில் முகம் சுளித்து வாங்கியவர்கள் இப்போது கேட்டு வாங்குகிறார்கள்.

இவ்வளவு ஒட்டி வாழ்ந்தும், ‘நாங்கள் இங்கேதான் இருந்தோம்’ என்று நிரூபிக்க வேண்டி வந்தபோதுதான் சிக்கல். இங்கே மாநில அரசு வேலைக்குப் பதினைந்து வருஷம் வசித்த சான்றிதழ் வேண்டும், கொங்கணியும் தெரிய வேண்டும். என் மகள் கொங்கணியில் சண்டை கூடப் போடுவாள். சான்றிதழுக்குப் போன இடத்தில் முதல் நான்கு வருஷத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். மூன்று வீடு, ஒவ்வொன்றும் பதினொரு மாத ஒப்பந்தம், நடுவில் இடைவெளி, அதில் ஒன்று எழுதாமலே வாய் வார்த்தை! போதாததற்கு நம் ‘இனிஷியல்’. ரேஷன் கார்டில் ஓர் எழுத்து. பள்ளியில் அதையே விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். இரண்டும் ஒரே பெண்தானா என்று சந்தேகம். மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்களை இங்கே இளக்காரமாக ‘காட்டி’ என்பார்கள். வரிசையில் பின்னால் நின்ற யாரோ அதைச் சொன்னது என் காதில் விழுந்தது. மகள் திரும்பி அவருக்குக் கொங்கணியில் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுத மாட்டேன்.

பள்ளிப் பதிவேடு இருந்தபடியால் அந்தப் பதினைந்து வருஷம் ஒருவழியாகத் தேறியது. எட்டு மாத அலைச்சல். புதிதாக இங்கே வரும் நம்மவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதமானாலும் எழுதி வாங்குங்கள், பழையது என்று கிழித்துப் போடாதீர்கள். குழந்தையின் பெயரை எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

அடுத்த வருஷம் என் கணவருக்கு ஓய்வு. தஞ்சாவூர்ப் பக்கம் வீடு பூட்டிக் கிடக்கிறது. வாஸ்கோவிலிருந்து வேளாங்கண்ணிக்கு வாராந்திர ரயில் இருக்கிறது; பக்கத்து வீட்டு அம்மாள் மாதா கோயிலுக்கு அதில்தான் போகிறார், எங்களையும் கூப்பிடுகிறார். போய் வருவதா, போய்விடுவதா என்று வீட்டில் இன்னும் பேசி முடியவில்லை. இதற்கிடையில் மே மாதம் வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை மாப்சா சந்தையில் வழக்கம்போல இரண்டு கிலோ மிளகாயும் ஒரு கிலோ கோக்கமும் வாங்கி வந்தேன். “இவ்வளவு எதற்கு?” என்று அவர் கேட்கவில்லை.