உஷார்! எம்.பி.எச். முடித்தால் டாக்டர் சீட் கிடைத்துவிடுமா?

அமெரிக்காவில் பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைக்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களே, ஒரு நிமிஷம். கல்லூரி முடிந்தது, ஜி.பி.ஏ. இடிக்கிறது, மெடிக்கல் ஸ்கூல் கதவு திறக்கவில்லை. அப்போது யாராவது ஒருவர் கட்டாயம் வருவார்: "சும்மா ஏன் உட்கார்ந்திருக்கணும்? ரெண்டு வருஷம் பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸ், அதான் எம்.பி.எச்., போட்டுவிடுங்க. மாஸ்டர்ஸும் ஆச்சு, மார்க்கும் ஏறும்." கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது நானே இதைக் கேட்டிருக்கிறேன். மாஸ்டர்ஸ் ஆகும், சரி. மார்க் ஏறாது.

இங்கே டாக்டர் பட்டமான எம்.டி. படிப்புக்குப் பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் விண்ணப்பம் வாங்குவது ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக. மதிப்பெண்களைச் சரிபார்த்ததும் அது ஒரு கட்டம் போட்டுக் காட்டும். கல்லூரியின் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வரி. பட்டம் வாங்கிய பிறகு எடுத்த இளநிலைப் பாடங்களுக்கு ஒரு வரி. இதெல்லாம் சேர்ந்து மொத்த இளநிலை ஜி.பி.ஏ. அதற்கும் கீழே, ஒட்டாமல் உறவாடாமல், 'கிராஜுவேட்' என்று தனி வரி. எம்.பி.எச். மார்க் போய் உட்காருவது அங்கேதான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிள்ளை 120 கிரெடிட் முடித்து 3.2 வைத்திருக்கிறான். இன்னும் 30 கிரெடிட் இளநிலை அறிவியல் எடுத்து எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கினால் 3.36 ஆகும். அதற்குப் பதில் 42 கிரெடிட் எம்.பி.எச். படித்து முழுக்க 4.0 வாங்கினால்? அதே 3.2. இம்மிகூட நகராது.

சேர்க்கைக் குழுவினர் கிராஜுவேட் வரியைப் பார்க்கவே மாட்டார்களா என்றால், பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் சந்தேகம் வேறு. இந்தப் பிள்ளை உயிர்வேதியியலையும் உடலியங்கியலையும் தாங்குமா என்பதுதான் கேள்வி. நோய்ப்பரவலியல், சுகாதாரக் கொள்கை, சமூக நடத்தை என்று எம்.பி.எச்.சில் வாங்கிய 'ஏ'க்கள் அதற்குப் பதில் சொல்வதில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவென்றே 'ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்' என்ற படிப்புகள் இருக்கின்றன. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் நடப்பது பெயர்பெற்றது. அந்த மார்க்கும் கிராஜுவேட் வரிக்குத்தான் போகும் என்றாலும், அது கெட்டியான அறிவியல்.

இனி பணம். வயிற்றைக் கலக்குவது இதுதான். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு 'கிராட் பிளஸ்' என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழில்முறைப் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். மற்ற முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500. முதுநிலைக்கு வாங்கிய கடன் அந்த 2,00,000-லிருந்தே கழியும். எம்.பி.எச்.சுக்காக இரண்டு ஆண்டில் 41,000 வாங்கியிருந்தால் மெடிக்கல் ஸ்கூலுக்கு மிஞ்சுவது 1,59,000. முதல் மூன்று வருஷம் ஐம்பது ஐம்பதாக எடுத்தால், நாலாம் வருஷத்துக்கு வெறும் 9,000. மீதிக்குத் தனியார் வங்கி வாசலில் நிற்க வேண்டும். அங்கே அப்பாவின் கையெழுத்தையும் கேட்பார்கள்.

காலமும் கையைக் கடிக்கும். விண்ணப்பம் கோடையில் போகும், சேர்க்கை அடுத்த ஆண்டு கோடையில். எம்.பி.எச். முதல் வருஷம் முடிந்ததும் போட்டால் பாதி மார்க்தான் அதில் இருக்கும். முழுசாக முடித்துவிட்டுப் போட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண் பழசாகிவிடலாம். மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதைப் பல பள்ளிகள் ஏற்பதில்லை. நடுவில் சீட் கிடைத்தால் படிப்பை உதறிவிட்டு ஓடலாம் என்றும் நினைக்காதீர்கள். தொடங்கிய பட்டத்தை முடித்துவிட்டு வா என்று சொல்லும் பள்ளிகள் உண்டு.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. முடித்து, மாணவர் விசாவில் எம்.பி.எச். வந்து, அப்படியே எம்.டி.க்குத் தாவலாம் என்று யாராவது ஆசை காட்டினால் இரட்டை உஷார். வெளிநாட்டுக் கல்லூரி மார்க்கை ஆம்காஸ் ஜி.பி.ஏ. கணக்கில் சேர்ப்பதே இல்லை. மாணவர் விசாக்காரர்களை எடுக்காத பள்ளிகள் ஏராளம். எடுப்பவற்றிலும் சில, கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டச் சொல்லும். மேலே சொன்ன அரசுக் கடனும் இவர்களுக்குக் கிடையாது.

பொதுச் சுகாதாரத்தை நான் மட்டம் தட்டவில்லை. கோவிட் காலத்தைப் பார்த்த யாரும் தட்ட மாட்டார்கள். அந்தத் துறைமேல் உண்மையான பிடிப்பு இருந்தால், சீட் கிடைக்காவிட்டாலும் அதிலேயே வேலை பார்ப்பேன் என்றால், தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் அறுவை நிபுணரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டேகூட ஹார்வர்டில் 1995-ல் எம்.டி. முடித்து, 1999-ல்தான் எம்.பி.எச். வாங்கினார். மெடிக்கல் ஸ்கூலுக்குள் போன பிறகு ஒரே ஒரு வருஷம் கூட்டி இரண்டு பட்டமும் வாங்கும் வசதி பல இடங்களில் இருக்கிறது. டுலேன் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷத்திலேயே இரண்டையும் முடிக்கலாம்.

எம்.பி.எச்.சுக்கு முன்பணம் கட்டும் முன், பிள்ளை குறிவைத்திருக்கும் மெடிக்கல் ஸ்கூல்களின் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்: "என் இளநிலை ஜி.பி.ஏ. 3.2. எம்.பி.எச். படித்தால் அதை எப்படிப் பார்ப்பீர்கள்?" பதில் கைக்கு வரும்வரை காசோலைப் புத்தகத்தைத் திறக்காதீர்கள்.