நல்ல கொழுப்பும் பாலிடாலும்

என் மைத்துனர் போடிக்காரர். மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டில் ஏலத் தோட்ட மேஸ்திரியாக இருந்தார். மருந்தடிக்கும் ஆட்களோடு வருடம் முழுவதும் நிற்பார். கையில் பீடி அணையாது. ஒரு தீபாவளிக்குப் பாலக்காடு ஒலவக்கோட்டில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவர், சட்டைப்பையிலிருந்து இரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டினார். "பாருங்க மாமா, எச்.டி.எல். 54. நல்ல கொழுப்பு நிறைய இருக்கு. எனக்கு இனி என்ன பயம்?"

அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. மாரடைப்பு. வயது 51.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமோ படித்துத் தண்டவாளத்தோடு காலம் கழித்தவன். ஆனாலும் அந்த 54 என்னை விடவில்லை. ஓய்வு பெற்று மகனோடு இங்கு வந்த பிறகு, இது பற்றித் தேடிப் படித்ததை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ஆகவே இரத்தத்தில் அது புரதம் போர்த்திய சிறு துகள்களாகப் பயணம் செய்கிறது. எல்.டி.எல். என்ற துகள் இரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கிவிட்டால், நாளடைவில் ஆக்சிஜன் பட்டுக் கெடுகிறது. திறந்து வைத்த எண்ணெயில் காறல் வாடை வருகிறதே, ஏறக்குறைய அதே இரசாயனம்தான். கெட்டுப்போன துகள்களை வெள்ளணுக்கள் அளவின்றி விழுங்கி, உப்பி, அங்கேயே கிடந்துவிடுகின்றன. இதயக்குழாய் அடைப்பின் தொடக்கம் இதுவே.

இதைத் தடுக்கும் வேலையில் எச்.டி.எல்.லுக்குப் பங்கு உண்டு. அதன் மேல் தொற்றிக்கொண்டு ஒரு நொதி, அதாவது என்சைம், பயணம் செய்கிறது. பெயர் பாராக்சோனேஸ். கல்லீரலில் உண்டாகும் இதற்கு வேலை செய்யக் கால்சியம் வேண்டும். (கூட்டாளி நொதிகளும் உண்டு, பெயர்கள் நீளம், விட்டுவிடுகிறேன்.)

இந்தப் பெயர் வந்த கதைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நம் ஊரில் பாலிடால் என்றால் தெரியாதவர் கிடையாது. அதிலுள்ள விஷம் பாரத்தியான். உடலுக்குள் போனதும் அது பாராக்சன் என்ற கொடிய பொருளாக மாறி நரம்புகளைத் தாக்குகிறது. 1958-இல் கோதுமை மாவும் இந்த மருந்தும் ஒரே கப்பலில் வந்து, கசிந்த மருந்து மாவில் கலந்ததால், கேரளத்தில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு வித்திட்டது அந்தத் துயரம்தான். அந்தப் பாராக்சனை உடைக்கும் நொதி என்பதால்தான் இதற்குப் பாராக்சோனேஸ் என்று பெயர்.

விஷமுறிப்பு மட்டுமே இதன் வேலை என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1991-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மேக்னஸ், டரிங்டன் குழுவினர், எல்.டி.எல். கெடுவதையும் இது தடுக்கிறது என்று காட்டினார்கள். 1998-இல் அமெரிக்காவில் இந்த நொதியே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை அவை தாங்கவில்லை. கொழுப்புத் தீனி கொடுத்தபோது இரத்தக்குழாயிலும் மற்ற எலிகளைவிட அதிகமாகக் கொழுப்புப் படிந்தது. ஏலத் தோட்டங்களில் அடித்து வந்த மருந்துகளில் குளோர்பைரிபாஸும் ஒன்று. கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறும் நம் ஜனங்களை நினைத்துக்கொண்டேன்.

என் மைத்துனரைக் கொன்றது மருந்தா, பீடியா, பரம்பரையா என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவர் கதை எதையும் நிரூபிக்காது. ஆனால் அந்த 54-ஐ மட்டும் இப்போது புரிந்துகொண்டேன்.

ரயில்வேயில் கீமேன் தினமும் தன் பீட்டில் நடந்து, தளர்ந்த சாவிகளைச் சுத்தியலால் அடித்து இறுக்குவார். பாதுகாப்பு அவர் கையில். எச்.டி.எல். எண்ணிக்கை என்பது செக்‌ஷனில் எத்தனை டிராலி ஓடுகிறது என்ற கணக்கு மாதிரி. டிராலியில் ஆள் இருக்கிறானா, சுத்தியல் இருக்கிறதா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. வழக்கமான பரிசோதனைச் சீட்டில் இந்த நொதியின் அளவு வருவதில்லை. ஆளுக்கு ஆள் அதன் வேகம் பல மடங்கு வித்தியாசப்படும். பெரும்பகுதி பிறவியிலேயே அமைவது. டிராலியை மட்டும் பெருக்கிப் பார்த்தவர்களும் உண்டு. டார்செட்ராபிப் என்ற மாத்திரை எச்.டி.எல்.லை வெகுவாக உயர்த்தியது. ஆனால் சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் பரிசோதனையையே நிறுத்தினார்கள். அது இரத்த அழுத்தத்தை ஏற்றியதும் ஒரு காரணம் என்கிறார்கள்.

நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். புகையிலைப் புகை இந்த நொதியை மந்தப்படுத்துகிறது. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் அப்படியே. கெட்டுப்போவதைத் தடுக்க வைட்டமின் 'ஈ' மாத்திரை விழுங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். பெரிய அளவில் சோதித்துப் பார்த்து, 2000-இல் பலனில்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்.டி.எல்.லைக் குறைக்க டாக்டர் கொடுக்கும் மாத்திரையை, என் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது நிரூபணமான வைத்தியம்.

இன்னொன்று. 1999-இல் நியூசிலாந்தில், பலமுறை பொரித்த எண்ணெயில் செய்த உணவை ஆண்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்திலேயே இந்த நொதியின் வேகம் குறைந்ததாம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பஜ்ஜி சுட்ட எண்ணெயை வடிகட்டி எடுத்து வைக்கும் பழக்கத்தை வைத்து என் வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. வரும் பொங்கல் விழாச் சமையல் குழுவில் நானும் இருக்கிறேன். வடைக்கு எண்ணெயை இரண்டு தடவை மாற்றச் சொல்லியிருக்கிறேன். செலவுக்கு நம் பொருளாளர் கணக்குக் கேட்டால், நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.