கொல்லிமலைக்கு மோட்டார் சைக்கிளில்

முத்துப்பேட்டைவாசிகளாகிய நமக்கு மலை என்பது தேசப் படத்தில் பழுப்பு வர்ணம் தீட்டிய ஓர் இடம், அவ்வளவுதான். காவேரியின் கிளைகளே நம் ஊர்ப் பக்கம் வந்து சேர்வதற்குள் களைத்துப் போய், அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து, ஆறு எது கடல் எது என்று தெரியாமல் நின்றுவிடுகின்றன. தண்ணீருக்கே போக்கிடம் தெரியாத சமதரை. இங்கே ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறும்போது கியரைக் குறைக்கிறவர், மிகுந்த ஜாக்கிரதைக்காரர் என்று பெயர் வாங்கிவிடுவார்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, நாமும் கல்லூரியில் படிக்கும் நம் புதல்வனும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் ஒரு மலைக்குப் போய் வருவது என்று தீர்மானித்தோம். தீர்மானித்தது அரை நிமிஷத்தில். திட்டம் போடத்தான் ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரத்தின் கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

முதலில் எந்த மலை என்ற கேள்வி எழுந்தது. தமிழ்நாட்டில் வளைந்து வளைந்து ஏறும் தார்ச் சாலைகளுக்குப் பஞ்சமில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள்; ஆழியாறிலிருந்து வால்பாறை வழியில் 40; மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36. ஏலகிரியில் 14தான். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டி வைத்திருக்கிறார்கள். வளைவில் திரும்பிக்கொண்டே இலக்கிய வரலாற்றையும் ஒப்பித்துவிடலாம் என்று நாம் ஆசைப்பட்டதுண்டு. புதல்வன் முகத்தைச் சுளித்தான். உதகைக்கும் கோடைக்கானலுக்கும் 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, வாகனங்களுக்கு மின் அனுமதிச் சீட்டு ஏற்பட்டுவிட்டது. போகிற ஜனக் கூட்டம் அப்படி! கூட்டத்தைப் பார்ப்பதற்கு மலை ஏறுவானேன்?

கடைசியில் கொல்லிமலை என்று முடிவாயிற்று. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகப் போனால் அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து சோளக்காடு வரையில் 70 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை நட்டிருக்கிறது.

எழுபது எதற்கு என்று கேட்கலாம். கணக்கு வாத்தியார் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல நமக்கு உரிமை உண்டு. இந்த மலை மற்ற மலைகளைப் போல் மெல்ல மெல்ல உயர்வதில்லை. சமவெளியிலிருந்து மதில் சுவரைப் போல் ஏறக்குறைய 1,000 மீட்டர் எழும்பி, மேலே போய் மேடும் பள்ளமுமான ஒரு நாடாகப் பரந்து கிடக்கிறது. ஒரு மீட்டர் உயர 20 மீட்டர் ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோமீட்டர் சாலை வேண்டும். மலைச் சரிவோ அகலமில்லாதது. ஒரே சரிவில் அவ்வளவு நீளத்தையும் மடித்து மடித்து வைத்தால் எழுபது மடிப்பு விழுகிறது. பீரோவில் ஒன்பது கஜம் புடவை மடித்து வைத்திருப்பதைப் போல.

சங்க காலத்தில் இம்மலைக்குத் தலைவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே நேர்கோட்டில் துளைத்துச் சென்றதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. அவனுடைய மலையில் ஒரே ஒரு நேர்கோட்டைக்கூடப் பிற்காலத்துச் சாலை எஞ்சினீயர்களால் போட முடியவில்லை என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆடிப் பதினெட்டை ஒட்டி மலைமேல் செம்மேட்டில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். நாம் காவேரிக் கரையில் சித்திரான்னம் சாப்பிடும் அதே சமயத்தில்!

புதல்வன் ஒரு திட்டம் தயாரித்துக்கொண்டு வந்தான். விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்படுவது. மன்னார்குடி, தஞ்சை, திருச்சி, நாமக்கல். பதினோரு மணிக்குள் மலைமேல். அறப்பளீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள ஆகாய கங்கை அருவிக்கு இறங்கிக் குளிப்பது. மாலையில் இறங்கி, நள்ளிரவில் முத்துப்பேட்டை. ஒரே நாள், ஏறக்குறைய 500 கிலோமீட்டர்.

"எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள், அப்பா!" என்றான்.

திட்டத்தில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவன் யோசிக்கவில்லை. இறங்கத் தொடங்கும்போது நாம் பிரயாணத்தின் பதினாலாவது மணியில் இருப்போம். அருவிக்குப் போகச் சுமார் ஆயிரம் படி இறங்கி, திரும்ப ஆயிரம் படி ஏறவேண்டும். அப்படி ஏறி வந்தவனுடைய முழங்கால் எவ்விதம் நடுங்கும் என்பது பழனிக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்கை மிதிப்பது அந்தக் கால்தான்! முன் பிரேக்கைப் பிடிப்பதோ காலை மூன்று மணி முதல் கைப்பிடியை முறுக்கி மரத்துப் போன விரல்கள். போதாததற்கு அந்தி வெளிச்சம்.

இறங்குவதுதான் சுலபம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பௌதிக சாஸ்திரம் அப்படிச் சொல்லவில்லை. வண்டி, நாம், மூட்டை எல்லாம் சேர்த்து 280 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து அது கீழே வரும்போது, ஏறக்குறைய ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூடிய சக்தி எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். கொஞ்சம் காற்றில் போகும். மிச்சத்தை வாங்கிக்கொள்ள இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்: என்ஜினும் பிரேக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் என்ஜின் பெரும் பங்கை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அவ்வளவும் பிரேக்கின் தலையில். அது பழுக்கக் காய்ந்து, பிடிப்பை இழந்துவிடும். கல்லட்டிச் சாலையில் 2018-க்குப் பிறகு வெளியூர் வாகனங்கள் கீழிறங்கத் தடை போட்டார்களே, ஏறுவதற்கா போட்டார்கள்?

இவ்வளவும் நாம் சொல்லியும் புதல்வன் மசியவில்லை. "வாத்தியார் பேசுகிறார்" என்ற பாவனையில் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் இருபது வருஷங்களுக்கு மேலாக நாம் மூடி வைத்திருந்த ஓர் இரகசியத்தை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

கல்லூரி நாளில், சிநேகிதன் ஒருவனுடைய மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி, நாம் ஏற்காட்டுக்குப் போனோம். திரும்பும்போது பெட்ரோல் குறைவாக இருந்தது; பையில் பணம் அதைவிடக் குறைவாக இருந்தது. என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வண்டியை உருட்டிவிட்டோம். ஆகா, அந்தச் சுகம்! சத்தமே இல்லை, காற்று மட்டும்தான். ஆறேழு வளைவு வரையில் நம்மைப் போன்ற சாமர்த்தியசாலி உலகத்தில் இல்லை என்று எண்ணிக்கொண்டு வந்தோம். அதற்கடுத்த வளைவில் பிரேக் பிடி கைக்குள் முழுசாக வந்துவிட்டது, வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்துச் சாக்கடையில் வண்டியைச் செலுத்தியதைச் சமயோசிதம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது தானாகவே அங்கே போயிற்று. வலது காறையெலும்பு முறிந்தது. ஹாஸ்டல் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக வீட்டுக்குக் கடிதம் எழுதினோம். நம் தாயார் கடைசி வரையில் அதை நம்பியே கண்ணை மூடினார். அந்தக் குளியலறையை எத்தனை தடவை சபித்திருப்பார்!

இதைச் சொல்லி முடித்தபோது சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நம் இல்லத்தரசிக்கும் இது புதுச் செய்தி. அன்றிரவு அவள் நம்முடன் பேசவில்லை. புதல்வன் மட்டும் நம் தோளில் மேடாகப் புடைத்திருக்கும் எலும்பை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, தன் திட்டத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மறுநாள் திட்டத்தைத் தலைகீழாகப் போட ஆரம்பித்தோம். இறங்கும் நேரத்தை முதலில் நிர்ணயித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது. இறங்க வேண்டியது காலை எட்டரை மணிக்கு. அதற்குள் பனி விலகியிருக்கும், இரவு தூங்கிய கை, கால்கள், குளிர்ந்த பிரேக். ஆகையால் முதல் நாள் இரவு செம்மேட்டில் தங்கியாக வேண்டும். படி ஏறிய கால் வலிக்கு ஓர் இரவு ஓய்வு கிடைத்துவிடும். ஏறுவதும் காலையில்தான் என்றால், அதற்கு முந்தின இரவு நாமக்கல்லில். ஆக மூன்று நாள், இரண்டு இரவு.

மாதம் எது? ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறையும் மண்ணும் சாலையில் சரியும். அந்தப் பேச்சே வேண்டாம். 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் நம் ஊர்த் தென்னைகளை வீழ்த்தியதிலிருந்து அந்த மாதங்களில் வீட்டைவிட்டு நகர யாருக்கும் மனம் வருவதுமில்லை. பொங்கல் விடுமுறையில் மலைமேல் ஜன நெரிசல். தை மாதக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு. திங்களுக்கு நாம் ஒரு நாள் விடுப்பு.

முதல் நாள் பிரயாணம் 200 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அவசரமில்லை. மன்னார்குடி தாண்டி வடுவூர் ஏரியில் அப்போது பறவைகள் நிறைந்திருக்கும். திருச்சியிலிருந்து கரூர் சாலையில் போனால் முக்கொம்பு. காவேரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம். கடைமடைக்காரனாகிய நமக்குத் தண்ணீர் வருமா வராதா என்று ஒவ்வொரு வருஷமும் ஏக்கம். அது எங்கே பங்கு போடப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மேலே போவது. குளித்தலையில் பாலம் தாண்டி முசிறி, தொட்டியம், நாமக்கல். அங்கே ஒற்றைப் பாறைக் கோட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பெட்ரோலை நிரப்பிக்கொண்டு படுத்துவிட வேண்டியது.

அடுத்தபடி, பழக்கம். வளைவே இல்லாத ஊரில் வளைவுக்கு எப்படிப் பழகுவது? லைசென்ஸ் வாங்கும்போது எல்லோரும் 'எட்டு' போட்டிருக்கிறோம். அதன் பிறகு மறந்துவிட்டோம். ஞாயிறு காலைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் அரைவட்டங்கள் கீறி, தகப்பனும் பிள்ளையுமாகச் சுற்றினோம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கைப் பிடிக்கலாகாது. கண் பார்க்கிற திசையில் வண்டி போகும். ஆகையால் பள்ளத்தைப் பார்க்காமல், சாலை போய் முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். முதல் ஞாயிறு நாம் கோட்டுக்கு வெளியே போய் வேலியில் முட்டினோம். இதை ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பார்த்துவிட்டான். திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடம் முழுவதும் தெரிந்துவிட்டது.

வண்டி விஷயம் சுருக்கமானது. இரண்டு வண்டிகளுக்கும் பிரேக் ஷூ புதிது; டயர் தேய்ந்ததை மாற்றியாயிற்று; செயின் இறுக்கம் பார்த்தாயிற்று; கிளட்ச் கேபிள் ஒன்று உபரியாகப் பையில். தலைக்கவசம் பின்னால் உட்காருகிறவருக்கும் சட்டப்படி கட்டாயம். கம்பளிச் சட்டையை யாரிடமாவது இரவல் வாங்க வேண்டும். முத்துப்பேட்டையில் அது எந்த வீட்டில் இருக்கிறது என்பதுதான் பிரச்னை.

ஏறும் வழியில் பஸ் எதிர்ப்பட்டால் செய்ய வேண்டியதையும் பேசிவைத்துக்கொண்டோம். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பச் சாலையின் முழு அகலமும் வேண்டும். அதன் பின்புறம் வீசித் திரும்பும். ஆகவே வளைவுக்குள் நுழையாமல், டிரைவர் கண்ணில் படுகிற இடத்தில் நின்று வழிவிட வேண்டியது. இறங்கும்போது, ஏறி வருகிறவனுக்கே முதல் உரிமை. இது விதியிலும் உண்டு. எந்தக் கியரில் ஏறினோமோ, அதே கியரில் இறங்குவது. பத்து வளைவுக்கு ஒரு தடவை நின்று பிரேக் ஆறும் வரையில் காத்திருப்பது. மலையாளிப் பழங்குடி மக்கள் விளைவிக்கும் மிளகும் பலாவும் அன்னாசியும் கண்ணில் பட்டால் வாங்கலாம். ஆனால் பலாப்பழத்தை வண்டியில் கட்டிக்கொண்டு இறங்கக் கூடாது என்று ஒரு விதியைப் புதல்வனே சேர்த்தான்.

எல்லாவற்றையும் அழகாகப் பிரதி எடுத்து இல்லத்தரசியிடம் கொடுத்தோம். ஒரு வாரம் அது அரிசி டப்பாவின் மேல் கிடந்தது. பிறகு ஒரு நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி:

"இறங்கும்போது பையன் முன்னால். நீங்கள் பின்னால். நான் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் செம்மேட்டுக்கு வருகிறேன், இறங்குவதும் பஸ்ஸில்தான். காரவள்ளியில் இருவரும் வந்து சேரும் வரையில் காத்திருப்பேன்."

கம்பளிச் சட்டை இப்போது மூன்று தேவைப்படுகிறது.