எலியின் இதயமும் பிள்ளையின் தொண்டை வலியும்

பாணேர்: தொண்டை வலி என்றால் உப்புத் தண்ணீரில் கொப்பளி, இரண்டு நாளில் போய்விடும் என்பது நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. பெரும்பாலும் போயும் விடுகிறது. ஆனால் சில பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலுடன் முழங்கால் வீங்குகிறது. அது வற்றும் முன் கணுக்கால், அடுத்து முழங்கை. மூட்டு வீக்கம் சுவடில்லாமல் ஆறிவிடும். இதய வால்வில் விழுந்த காயம்தான் தங்கிவிடுகிறது. மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று டாக்டர்களிடையே ஒரு பழஞ்சொல் உண்டு. ரூமாட்டிக் காய்ச்சல் எனப்படும் வாதக் காய்ச்சல் இதுதான்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியில் ‘ஏ’ பிரிவு இதற்குக் காரணம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளையே அதிகம் தாக்கும். ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்தெழும் வீடுகளில் சுலபமாகப் பரவும். கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் குடியிருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விசித்திரம் என்னவென்றால், இதயத்தைக் கெடுப்பது கிருமி அல்ல. நம் உடலின் சொந்தக் காவற்படை. கிருமியின் மேலுள்ள ‘எம்’ புரதத்தை அடையாளம் வைத்து அது தாக்குகிறது. இதயத் தசையிலுள்ள மயோசின் என்ற புரதத்துக்கும் அதே சாயல். திருடனைத் தேடி வந்த போலீஸ், அதே நிறச் சட்டை போட்டிருந்த வீட்டுக்காரரை அடித்த கதைதான்.

இதைப் பிராணிகளிடம் சோதிப்பது லேசாக இருக்கவில்லை. இந்தக் கிருமிக்கு இயற்கையான இருப்பிடம் மனிதன் மட்டுமே. 1949-ல் அமெரிக்காவில் மர்ஃபி, ஸ்விஃப்ட் என்ற இருவர் முயல்களுக்குத் தோலில் திரும்பத் திரும்பத் தொற்று ஏற்படுத்தி, இதயத்தில் இதே போன்ற புண்களைக் கண்டனர். பின்னர் ‘லூயிஸ்’ இன எலிகள் வந்தன. கிருமியைக் கொடுக்காமல் ‘எம்’ புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றியபோதே அவற்றின் வால்வுகள் அழன்றன என்று 2001-ல் ஓக்லஹாமா ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தாரும் 2003 முதல் இந்த எலி ஆராய்ச்சியை வளர்த்தனர். அக்கட்டுரைகளில் நட்குணம் கேதீசன் என்ற தமிழ்ப் பெயரைக் காணலாம்.

எலிக்கு வந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். 1960-களில் அமெரிக்காவில் வாதக் காய்ச்சல் நோயாளிகளின் உடன்பிறந்த பிள்ளைகளுக்கு ‘எம்’ புரதத் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். அவர்களில் மூவருக்கு அந்த நோயே வந்ததாக 1969-ல் செய்தி வெளியாயிற்று. நோயைத் தடுக்க வந்த மருந்தே நோயைக் கொடுத்ததோ என்ற அச்சம் எழுந்தது. 1979-ல் அங்கே இத்தகைய தடுப்பூசிகளுக்குத் தடை விதித்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்தே அது நீங்கியது. ஆகவே புதிய தடுப்பூசி எதுவானாலும், பிள்ளையின் கையில் ஏறுமுன் எலியின் வால்வைக் கெடுக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எலி பிள்ளையாகிவிடாது என்பதும் உண்மை. எலிக்குத் தொண்டை வலி வந்து இந்த நோய் வருவதில்லை; நாமே வரவழைக்கிறோம்.

தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லை. இருப்பது பழைய பெனிசிலின்தான். நம் பக்கத்திலேயே பிம்ப்ரியில் 1954-ல் அமைந்த ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை 1955-ல் உற்பத்தி தொடங்கியது அந்த மருந்தைத்தான். வாதக் காய்ச்சல் ஒரு முறை வந்த பிள்ளைக்கு மறுபடி தொண்டைத் தொற்று வந்தால் வால்வு மேலும் கெடும். அதைத் தடுக்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி. குறைந்தது ஐந்து ஆண்டு. இதயம் பாதித்திருந்தால் பத்து ஆண்டு, அதற்கு மேலும். ஊசி நன்றாக வலிக்கும். பிள்ளையோ ஓடியாடி விளையாடுகிறது. அம்மாவுக்கே மனம் வராது.

இன்னொரு தடங்கல் மே மாத லீவு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனால் ஒரு மாதம் தங்காமல் யாரும் திரும்புவதில்லை. அதற்குள் ஒரு தவணை, சில சமயம் இரண்டு, தவறிப்போகிறது. ரிசர்வேஷன் பாரம் எழுதும்போதே ஊசி அட்டையின் தேதியையும் பார்த்துக்கொண்டு, அட்டையைப் பெட்டியில் வைத்துப் போனால் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி அந்தத் தவணையை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.